ஜென்செட் நல்லாத்தான் ஓடுது, அப்புறம் என்ன? கரெண்ட் போன ராத்திரியில எதைப் பார்த்தா என்ன பண்ணணும்

பெங்களூர்ல ஏப்ரல், மே மாசம் சாயங்காலம் ஒரு காத்தடிச்சு நாலு சொட்டு விழுந்தா எங்கயாவது ஒரு கிளை முறிஞ்சு ஒயர் மேல விழும், தெரு முழுக்க "கரெண்ட் ஹோய்த்து"ன்னு ஒரு குரல் கேக்கும், கரெண்ட் ஆபீஸோட 1912 நம்பருக்கு போன் போட்டு கம்ப்ளெய்ன்ட் பதிஞ்சுட்டு உக்காந்திருக்கணும். அந்த நேரத்துக்குன்னு வாங்கி வச்ச சின்ன பெட்ரோல் ஜென்செட்டை, அதாவது ஜெனரேட்டரை, வெளிய எடுக்கறப்போ என்னென்ன வரும், எதைப் பார்த்தா என்ன பண்ணணும்னு இங்க எழுதியிருக்கேன். ஸ்டார்ட் ஆகாத ஜென்செட்டால யாருக்கும் ஒண்ணும் ஆகாது, அதிகபட்சம் தோள்பட்டை வலிக்கும். ஆளைக் கொல்றது நல்லா ஓடிட்டிருக்கற ஜென்செட்தான். அதனால உடம்புல தெரியற அறிகுறியை முதல்ல வச்சிருக்கேன், ஒயர்ல தெரியறது அடுத்து, எஞ்சின் சமாச்சாரம் கடைசியில. எஞ்சினுக்காக வந்தவங்க நேரா கீழ போங்க, ஆனா முதல் ரெண்டையும் படிச்சுட்டுப் போங்க.

வீட்ல ஒருத்தருக்கு தலை வலிக்குது, குமட்டுது, தூக்கம் தூக்கமா வருது

ஜென்செட் ஓட ஆரம்பிச்ச பிறகு இது வந்தா, அதுவும் ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கு வந்தா, சாப்பாடு ஒத்துக்கலயோ, தூக்கம் கெட்டதோன்னு யோசிச்சுட்டு நிக்காதீங்க. எல்லாரையும் கூட்டிட்டு வீட்டை விட்டு வெளிய வாங்க, தூங்கறவங்களை எழுப்பி, குழந்தையைத் தூக்கிட்டு, நாயையும் இழுத்துட்டு. ஜென்செட்டை அப்புறம் ஆஃப் பண்ணிக்கலாம், அது புகையில்லாத இடமா கைக்கெட்டுற தூரத்துல இருந்தா மட்டும் போற வழியில ஆஃப் பண்ணுங்க. யாராவது மயக்கமா இருந்தா 108க்கோ 112க்கோ போன் போடுங்க. டாக்டர் கிட்ட "ஜென்செட் ஓடிட்டிருந்துச்சு"ங்கற வார்த்தையைக் கட்டாயம் சொல்லுங்க, அதைச் சொல்லலேன்னா வெறும் வாந்தி மயக்கம்னு மாத்திரை குடுத்து அனுப்பற வாய்ப்பு இருக்கு.

காரணம் கார்பன் மோனாக்சைட். அதுக்கு நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. பெட்ரோல் புகை நாத்தம் அடிக்கலயே, அப்போ ஒண்ணுமில்லன்னு நினைக்க முடியாது. ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விட இதை இருநூறு மடங்குக்கு மேல வலுவா பிடிச்சுக்கும், அப்புறம் ஆக்சிஜனுக்கு இடமே இருக்காது. கோவிட் சமயத்துல வாங்கின ஆக்சிமீட்டர் பல வீட்ல இன்னும் டிராயர்ல கிடக்கு, அதை விரல்ல மாட்டி 98 காட்டுது, ஒண்ணுமில்லன்னு படுத்துடாதீங்க, அந்த மெஷினுக்கு ஆக்சிஜன் ஏறின ரத்தத்துக்கும் கார்பன் மோனாக்சைட் ஏறின ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது, ரெண்டையும் நல்ல ரத்தம்னே காட்டும்.

இப்போ இடம். வீட்டிலிருந்து குறைஞ்சது 20 அடி தள்ளி, சைலன்சர் முகம் வீட்டைப் பார்க்காம, திறந்த வெளியில வைக்கணும்னு சொல்வாங்க. முப்பதுக்கு நாப்பது அடி மனையில சுவரோட சுவர் ஒட்டி வீடு கட்டியிருக்கற ஈஜிபுராவுலயும் அல்சூர்லயும் 20 அடிக்கு எங்க போறதுன்னு கேட்பீங்க, நியாயமான கேள்விதான், இதுக்குத்தான் பாதி பேர் தப்பான பதிலைப் பிடிச்சுக்கறாங்க. சமையலறைக்குப் பின்னாடி துணி துவைக்கற யுடிலிட்டி, மூணு பக்கம் சுவர், ஒரு பக்கம் கிரில், அங்க வச்சா "வெளிய"ன்னு நினைச்சுக்கறாங்க. அது வெளி இல்ல. பால்கனியும் வெளி இல்ல. கீழ் தளத்து கார் பார்க்கிங் நாலு பக்கம் திறந்திருக்கற மாதிரி தெரிஞ்சாலும் மேல கான்கிரீட் கூரை இருக்கு, லிஃப்ட் பள்ளமும் படிக்கட்டும் புகையை மேல இழுத்துக்கும், பேஸ்மென்ட்டைப் பத்தி பேசவே வேணாம். கட்டடத்துக்கு நடுவுல குழாய் போற டக்ட்ல வச்சா சூடான புகை மேல ஏறி மூணாவது மாடி பாத்ரூம் ஜன்னல் வழியா உள்ள போகும், அந்த வீட்டுக்காரங்களுக்கு கீழ ஜென்செட் ஓடறதே தெரியாது. ஜன்னலைத் திறந்து வச்சோம், ஃபேன் போட்டோம்ங்கறதெல்லாம் கணக்கிலேயே வராது.

தெரு முனையில திறந்த இடமோ வீட்டு முன்னாடி ரோட்டோரமோ கிடைக்கலேன்னா மிச்சம் மொட்டை மாடிதான், மாடிப்படி கதவுக்கு எதிர் மூலையில, பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரா இல்லாம, அந்தக் கதவை சாத்தி வச்சுட்டு. வாடகை வீடுன்னா மாடி சாவி ஓனர் கிட்ட இருக்கும், கேட்டா "ஆகல்ல ரீ" (முடியாதுங்க)ன்னு சொல்லிடுவார். அப்போ என் கருத்து இதுதான்: அந்த வீட்டுக்கு ஜென்செட் வேணாம், அந்தக் காசுக்கு ஒரு இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்குங்க. ஏற்கனவே ஜென்செட் இருக்கறவங்க பேட்டரியில ஓடற கார்பன் மோனாக்சைட் அலாரம் ஒண்ணு வாங்கி படுக்கற ரூம்ல வைங்க, ஆன்லைன்ல கிடைக்குது. வீட்ல எல்லாரும் தூங்கிட்டிருக்கும்போது ஜென்செட் ஓடக்கூடாது, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்லயும் லைட் எரியுது

இதைப் பார்த்து "பரவால்ல, அவங்களுக்கும் உதவியா இருக்கு"ன்னு சிரிக்கறவங்களை எனக்குத் தெரியும். உடனே ஜென்செட்டை நிறுத்துங்க. உங்க கரெண்ட் மெயின் லைன் வழியா தெருவுக்குப் போயிட்டிருக்குன்னு அர்த்தம்.

பெரும்பாலும் காரணம் ரெண்டு பக்கமும் பிளக் வச்ச ஒயர். ஒரு முனையை ஜென்செட்ல, இன்னொரு முனையை சுவர் சாக்கெட்ல சொருகினா வீடு பூரா லைட் எரியும், செலவும் இருநூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும், "மெயினை ஆஃப் பண்ணிடுவோம் இல்ல"ன்னு ஒரு தைரியம். ராத்திரி இருட்டுல, மழையில, வீட்ல சின்னப் பசங்க அழுதுட்டிருக்கும்போது மெயினை ஆஃப் பண்ண ஒரு நாள் மறக்கும். அந்த ஒரு நாள் உங்க 230 வோல்ட் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்பக்கமா போய் அந்தப் பக்கம் 11,000 வோல்ட்டா வெளிய வரும். அங்க லைன்மேன் கம்பத்து மேல நிக்கறார், சப்ளை கட் பண்ணியாச்சுங்கற நம்பிக்கையில.

சின்ன ஜென்செட் தெரு முழுக்க லோடை இழுக்க முடியாம தானே டிரிப் ஆயிடாதான்னு ஒரு கேள்வி வரும். தெரு முழுக்க கனெக்ட் ஆகியிருந்தா டிரிப் ஆகும். ஆனா கிளை விழுந்து உங்க கம்பத்துக்குப் பக்கத்துலயே ஒயர் அறுந்திருந்தா லோடே கிடையாது, ஜென்செட் எந்தத் திணறலும் இல்லாம அழகா ஓடும், கீழ தொங்கற ஒயர்ல உயிர் இருக்கும். அதோட, ஓடிட்டிருக்கும்போது திடீர்னு மெயின் சப்ளை திரும்பி வந்துச்சுன்னா ரெண்டும் மோதி உங்க ஜென்செட் வைண்டிங் (உள்ள இருக்கற கம்பிச் சுருள்) கருகும், சில சமயம் தீ பிடிக்கும். சாக்கெட்லேர்ந்து அந்த ஒயரைப் பிடுங்கினா வெளிய நீட்டிட்டிருக்கற பின்ல 230 வோல்ட் இருக்குங்கறதையும் சேர்த்துக்குங்க.

சரியான வழி சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச். ஒரு பக்கம் தள்ளினா மெயின், இன்னொரு பக்கம் ஜென்செட், ரெண்டும் ஒரே நேரத்துல சேரவே முடியாது, உங்க ஞாபக சக்தியை நம்ப வேண்டியதில்ல. சிங்கிள் ஃபேஸுக்கு ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் சேர்த்து மாத்தற டபுள் போல் வேணும், வெறும் ஃபேஸை மட்டும் மாத்தறது போதாது. எலக்ட்ரிகல் கடைங்க இருக்கற எஸ்பி ரோட்ல கிடைக்கும், மாட்டறதுக்கு லைசென்ஸ் இருக்கற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. த்ரீ ஃபேஸ் கனெக்ஷன் இருக்கற வீட்ல சின்ன ஜென்செட்டை மூணு ஃபேஸுக்கும் ஒண்ணா சேர்த்துக் குடுக்கற ஏற்பாடு வேணாம், லைட், ஃபேன், ஃபிரிட்ஜ் இருக்கற ஒரு சர்க்யூட்டை மட்டும் பிரிச்சு சேஞ்ச்ஓவர்ல போடச் சொல்லுங்க. அது வரைக்கும்? ஜென்செட்லேர்ந்து நேரா எக்ஸ்டென்ஷன் போர்டு, அதுல ஃபிரிட்ஜும் ஒரு லைட்டும். பார்க்க அசிங்கமா இருக்கும், பாதுகாப்பா இருக்கும்.

டெஸ்டர் ரெண்டு ஓட்டையிலயும் எரியுது, பாடியைத் தொட்டா சுர்ருங்குது

முதல்ல சொன்னது பயப்பட வேண்டிய விஷயம் இல்ல. நம்ம மெயின் சப்ளையில நியூட்ரலை எர்த்தோட சேர்த்திருப்பாங்க, அதனால ஒரு ஓட்டையில மட்டும் டெஸ்டர் எரியும். நிறைய சின்ன ஜென்செட்ல நியூட்ரலை எர்த்தோட சேர்க்காம விட்டிருப்பாங்க, அதனால ரெண்டு பக்கமும் மங்கலா எரியும். ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு: வீட்டு டிபி பாக்ஸ்ல (பிரேக்கர் எல்லாம் இருக்கற பெட்டி) ஷாக் அடிக்காம காப்பாத்த வச்சிருக்கற ஆர்சிசிபி ஸ்விட்ச் எர்த்துக்கு லீக் ஆகறதைப் பார்த்துத்தான் டிரிப் ஆகும், இந்த மாதிரி ஜென்செட்ல ஓடும்போது அது டிரிப் ஆகாமலே இருக்கலாம். ஆர்சிசிபி இருக்குன்னு ஈரக் கையோட சுவிட்சைத் தொடற தைரியம் ஜென்செட் நேரத்துல வேணாம். ஜென்செட் பக்கம் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்கலாமா கூடாதாங்கறது மாடலைப் பொறுத்தது, மேனுவலைக் காட்டி எலக்ட்ரீஷியன் கிட்ட கேளுங்க, நீங்களா ஒயரை முறுக்கி சேர்க்காதீங்க.

பாடியில சுர்ருன்னா அது வேற கதை. நிறுத்துங்க. மழையில நனைஞ்சிருக்கா, சாக்கெட் உடைஞ்சிருக்கா, ஒயர் தோல் உரிஞ்சு பாடியில படுதான்னு பாருங்க. பாடியில எர்த் போல்ட்னு ஒரு திருகு இருக்கும், அதுலேர்ந்து வீட்டு எர்த் குழிக்கு ஒயர் போகணும், குழாய்ல கட்டறது எர்த் இல்ல, இப்பல்லாம் எல்லாம் பிளாஸ்டிக் குழாய். காரணம் தெரியாம திரும்ப ஸ்டார்ட் பண்ண வேணாம். மழைக்கு மேல தார்ப்பாய் கட்டறதா இருந்தா நாலு பக்கமும் திறந்தே இருக்கணும், மெஷின் மேல நேரா போர்த்தினா சைலன்சர் சூட்டுல பத்திக்கும்.

ஒயர் சூடாகுது, பிளக் உருகற வாசனை

லோடுக்கு ஒயர் பத்தல. ஃபிரிட்ஜ் மாதிரி லோடுக்கு மாடியிலேர்ந்து கீழ வரைக்கும் இழுக்கறதா இருந்தா 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர், மூணு கோர், எர்த்தோட. சுருட்டி வச்ச ஒயர் ரீலை முழுசா பிரிச்சுடுங்க, சுருட்டின நிலையிலயே ஓட்டினா உள்ள இருக்கற சூடு வெளிய போகாம உருகும். கதவிடுக்குல நசுங்கற மாதிரியும் கார்ப்பெட்டுக்கு அடியிலயும் போடாதீங்க.

ஃபிரிட்ஜ் ஆன் ஆகும்போது லைட் மங்குது, எஞ்சின் முனகுது

ஓவர்லோட். ஃபிரிட்ஜ் ஓடும்போது 150லேர்ந்து 200 வாட்ஸ்தான் எடுக்கும், ஆனா கம்ப்ரஸர் கிளம்பற அந்த ஒரு நொடியில பல மடங்கு இழுக்கும். சம்ப்லேர்ந்து டேங்குக்கு தண்ணி ஏத்தற 1 ஹெச்பி மோட்டார் இன்னும் மோசம், ஓடும்போதே 1000 வாட்ஸுக்குப் பக்கம், கிளம்பும்போது அதைப் போல மூணு நாலு மடங்கு, 2 கேவிஏ ஜென்செட்ல அதைப் போட்டா மோட்டார் உறுமிட்டு நிக்கும், வைண்டிங் சூடாகும். கீசர், இண்டக்ஷன் ஸ்டவ், இஸ்திரிப் பெட்டி மூணும் கூடவே கூடாது.

பெங்களூருக்குன்னு ஒரு சங்கதி உண்டு. நாம கடல் மட்டத்துலேர்ந்து 900 மீட்டருக்கு மேல இருக்கோம், காத்து கொஞ்சம் லேசு, ஒவ்வொரு 300 மீட்டருக்கும் எஞ்சின் பவர் சுமார் 3.5 சதவீதம் குறையும், மொத்தத்துல பத்து சதவீதம் போச்சுன்னு வச்சுக்குங்க. சென்னையில மாமா வீட்ல 2000 வாட்ஸ் இழுத்த அதே மெஷின் இங்க 1800தான் இழுக்கும். அதுலயும் தொடர்ந்து ஓட்ட முக்கால் பங்கு லோடுக்கு மேல போடாம இருக்கறது நல்லது.

செய்ய வேண்டியது: எல்லா லோடையும் ஆஃப் பண்ணி, ஜென்செட்டை ரெண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டு, பெருசை முதல்ல போடுங்க. ஃபிரிட்ஜ் கிளம்பி நிதானமாகட்டும், அப்புறம் லைட், ஃபேன், வைஃபை. லோடு குறைஞ்சா எஞ்சின் வேகத்தைக் குறைக்கற ஈக்கோ ஸ்விட்ச் இருக்கற மாடல்ல ஃபிரிட்ஜ் கிளம்பற வரைக்கும் அதை ஆஃப்ல வைங்க. இவ்வளவு பண்ணியும் லைட் மங்கிட்டே இருந்தா லோடைக் குறைங்க. எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தற கவர்னர் ஸ்க்ரூவைத் திருகி ஸ்பீடை ஏத்தற வேலை வேணாம், சாதாரண பெட்ரோல் ஜென்செட் நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்தினாத்தான் 50 ஹெர்ட்ஸ் வரும், ஏத்தினா வோல்டேஜும் ஏறி டிவி அடாப்டர் எல்லாம் போயிடும்.

எஞ்சின் ஓடுது, கரெண்ட் மட்டும் வரல

பேனல்ல இருக்கற பிரேக்கர் விழுந்திருக்கான்னு பாருங்க, பெரும்பாலும் அதுதான். இன்வெர்ட்டர் டைப் ஜென்செட்ல (வீட்டு இன்வெர்ட்டர் வேற, இது கரெண்ட்டை எலக்ட்ரானிக்ஸால சீராக்கிக் குடுக்கற ஜென்செட்) ஓவர்லோட் ஆனா சிவப்பு லைட் எரியும், எஞ்சின் ஓடிட்டே இருக்கும், அவுட்புட் மட்டும் கட் ஆகும், எஞ்சினை நிறுத்தி லோடைக் குறைச்சு திரும்ப ஸ்டார்ட் பண்ணாத்தான் வரும். ரெண்டும் இல்லேன்னா வேற ஒரு ஒயரும் வேற ஒரு பல்பும் நேரா ஜென்செட்ல மாட்டிப் பாருங்க, எரிஞ்சா கோளாறு உங்க ஒயர்ல.

எரியலேன்னா கோளாறு உள்ள இருக்கற ஏவிஆர் (வோல்டேஜை சீரா வைக்கற பாகம்), கார்பன் பிரஷ், கண்டென்சர்னு போகும். ரொம்ப நாள் சும்மா வச்ச மெஷின்ல உள்ள மிச்சம் இருக்கற காந்தசக்தி போயிருக்கவும் கூடும், 12 வோல்ட் பேட்டரியைத் தொட்டு எழுப்பற வித்தை வீடியோல பார்த்திருப்பீங்க, அதை மெக்கானிக் பண்ணட்டும். மூடியைக் கழட்டினா கண்டென்சர் எஞ்சின் நின்ன பிறகும் சார்ஜ் வச்சிருக்கும்.

ஜென்செட் கரெண்ட்டை யுபிஎஸ் எடுக்க மாட்டேங்குது

யுபிஎஸ்னு நாம சொல்ற வீட்டு இன்வெர்ட்டர், மெயின் வரலேன்னு நினைச்சு பேட்டரியிலேயே ஓடிட்டிருக்கும். பின்னாடி ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், ஒரு பக்கம் யுபிஎஸ் மோட், இன்னொரு பக்கம் நார்மல் அல்லது ஈக்கோ மோட். யுபிஎஸ் மோட்ல சுமார் 180லேர்ந்து 260 வோல்ட் வரைக்கும்தான் ஏத்துக்கும், நார்மல்ல கீழயும் மேலயும் இன்னும் தாராளம். நார்மலுக்கு மாத்துங்க, பெரும்பாலும் எடுத்துக்கும். கம்ப்யூட்டர் டேபிள் அடியில இருக்கற குட்டி யுபிஎஸ் கொஞ்சம் அடம் பிடிக்கும், சாதாரண ஜென்செட்டோட அலையும் ஃப்ரீக்வென்சியும் அதுக்குப் பிடிக்காது, இன்வெர்ட்டர் டைப் ஜென்செட்ல பிரச்சனை வராது.

ரெண்டும் வச்சிருக்கறவங்களுக்கு நான் சொல்றது இது: சாயங்காலம் எல்லாரும் முழிச்சிருக்கும்போது ஜென்செட்டை சில மணி நேரம் ஓட்டி ஃபிரிட்ஜைக் குளிர வச்சு பேட்டரியையும் சார்ஜ் பண்ணிடுங்க, ராத்திரி ஜென்செட்டை நிறுத்திட்டு ஃபேனும் ஒரு லைட்டும் பேட்டரியில. பெட்ரோல் மிச்சம், பக்கத்து வீட்டு சண்டையும் மிச்சம். சார்ஜ் ஆகற பேட்டரியும் ஒரு லோடுதான், மேல சொன்ன கணக்குல அதையும் சேர்த்துக்குங்க.

கயிறு இழுத்து இழுத்து கை போச்சு, ஸ்டார்ட் ஆகல

ஸ்விட்ச் ஆன்ல இருக்கா, பெட்ரோல் காக் திறந்திருக்கா, குளிர்ந்த எஞ்சினுக்கு சோக் போட்டிருக்கா. சிரிக்காதீங்க, இருட்டுல பாதி கேஸ் இதுதான். அடுத்தது ஆயில்: பெரும்பாலான மாடல்ல ஆயில் குறைஞ்சா ஸ்பார்க்கையே கட் பண்ணிடும், தரை சரிவா இருந்தாலும் ஆயில் இருந்தும் அதே கதை, அதனால சமதரையில வச்சு டிப்ஸ்டிக் பாருங்க.

இதெல்லாம் சரியா இருந்தா பழைய பெட்ரோல். போன மழைக்கு ஊத்தினதை அப்படியே விட்டிருப்பீங்க. இப்போ பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், அது காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும், கார்ப்ரேட்டர்ல பசை மாதிரி படியும். கார்ப்ரேட்டர் அடியில இருக்கற டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்து பழசை ஒரு டப்பாவுல வடிச்சுட்டு புது பெட்ரோல் ஊத்துங்க, வெளியில, பக்கத்துல சிகரெட், விளக்கு எதுவும் இல்லாம. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி பாடியில வச்சு இழுத்து ஸ்பார்க் பார்க்கற பழக்கம் நம்ம ஊர்ல எல்லாருக்கும் இருக்கு, பிளக் ஓட்டையிலேர்ந்து பெட்ரோல் ஆவி வரும், அந்த ஸ்பார்க் அதைப் பத்த வைக்கும், புது பிளக் ஒண்ணு கையிருப்புல வச்சு மாத்திப் பாக்கறது சுலபம். மாசம் ஒரு தடவை கால் மணி நேரம் லோடோட ஓட்டி, காக்கை மூடி கார்ப்ரேட்டர்ல இருக்கறது தீர்ந்து தானா நிக்கற வரைக்கும் விட்டா இந்தப் பகுதியே உங்களுக்குத் தேவைப்படாது.

கொஞ்ச நேரம் ஓடி நின்னுடுது

டேங்க் மூடியில காத்து போற வென்ட்டை திறக்காம விட்டிருப்பீங்க, உள்ள காத்து போகாம பெட்ரோல் இறங்கறது நின்னுடும். மூடியைத் தளர்த்தினா ஓடுதுன்னா அதேதான். ஆனா எஞ்சின் ஆறின பிறகு தளர்த்துங்க. கறுப்பு புகை வந்து நின்னா சோக் இன்னும் போட்டபடி இருக்கு, இல்ல ஏர் ஃபில்டர் அடைஞ்சிருக்கு. நீலமா வெள்ளையா புகைன்னா ஆயில் அதிகம், அல்லது ஆட்டோவுல படுக்க வச்சு கொண்டு வந்திருப்பீங்க.

ஓடும்போதே பெட்ரோல் தீரப் போகுது

ஓடும்போதே ஊத்தாதீங்க. நிறுத்துங்க, கால் மணி நேரம் ஆறட்டும், அப்புறம் ஊத்துங்க. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி பக்கத்துலயே பத்திக்கற அளவுக்கு ஆவி விடற பொருள், சூடா இருக்கற சைலன்சர் மேல ஒரு சொட்டு போதும். ஆவி காத்தை விட கனம், தரையோட தவழ்ந்து தள்ளி இருக்கற பூஜை விளக்கு வரைக்கும் போகும். அதனால ஃபிரிட்ஜ் அரை மணி நேரம் ஆஃப்ல இருக்கறது ஒரு விஷயமே இல்ல, கதவைத் திறக்காம வச்சா நாலு மணி நேரம் தாங்கும். தண்ணி பாட்டில்ல பெட்ரோல் வாங்கி வீட்ல வைக்காதீங்க, குறிப்பா படிக்கட்டுக்கு அடியில, தீ பிடிச்சா நீங்க ஓடி வர வேண்டிய வழி அது. டேங்கை விளிம்பு வரைக்கும் நிரப்பாதீங்க. தீயை அணைக்கற ஏபிசி பவுடர் சிலிண்டர் ஒண்ணு பக்கத்துல இருக்கட்டும், பெட்ரோல் தீக்கு தண்ணி ஊத்தினா பரவும்.

கரெண்ட் வந்துடுச்சு

உடனே மாத்த வேணாம், வந்த கரெண்ட் அஞ்சு பத்து நிமிஷத்துல திரும்ப போறதும் சகஜம், வோல்டேஜும் ஏறி இறங்கும். கொஞ்சம் பொறுத்து ஜென்செட் லோடை எல்லாம் ஆஃப் பண்ணுங்க, சேஞ்ச்ஓவரை மெயின் பக்கம் தள்ளுங்க, ஜென்செட்டை லோடு இல்லாம ரெண்டு மூணு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்க, பெட்ரோல் காக்கை மூடுங்க. முழுசா ஆறின பிறகு மூடி போட்டு உள்ள எடுத்து வைங்க, சூட்டோட யுடிலிட்டியில தள்ளிட்டு கதவைச் சாத்தாதீங்க.